எந்த அறுபது நாள்? டெல்டா எம்.பி.க்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சி, சிதம்பரம், கடலூர் தொகுதி எம்.பி.க்களுக்கு,

நூறு நாள் வேலைக்கு பதிலா வந்த புது மசோதாவ 2025 டிசம்பர் 16 அன்னைக்கு லோக்சபால வச்சாங்க, 18 அன்னைக்கு கூச்சல் குழப்பத்துக்கு நடுவுல பாஸ் பண்ணாங்க, அன்னைக்கு ராத்திரியே பன்னெண்டு மணி தாண்டி ராஜ்யசபாலயும் முடிச்சாங்க, 21 அன்னைக்கு ஜனாதிபதி கையெழுத்தும் ஆயிட்டு. 2005ல வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துட்டு விபி ஜி ராம் ஜி சட்டத்தை கொண்டு வர்றதுக்கு இவ்ளோ நேரம்தான் எடுத்தாங்க. எல்லாக் கட்சி எம்.பி.ங்களும் உக்காந்து மசோதாவ ஆராயுற நிலைக்குழுவுக்கு அனுப்புங்கன்னு எதிர்க்கட்சிங்க கேட்டும் அனுப்பல. நீங்க கோஷம் போட்டீங்க, பதாகை புடிச்சீங்க, வெளில வந்து பேட்டி குடுத்தீங்க, எல்லாத்தையும் போன்ல பாத்தோம். ஆனா எங்களுக்கு வேண்டிய ஒரு கேள்விய கேட்டு பதில் வாங்குறதுக்கு அந்த மூணு நாள்ல எடமே இல்லாம போச்சு. அதை என்னால சும்மா விட முடியல.

கேள்வி இதுதாங்க. விதைப்பு, அறுவடை சீசன்ல வருஷத்துக்கு மொத்தமா 60 நாள் இந்த வேலைய நிறுத்தி வைக்கணும்னு புதுச் சட்டத்துல இருக்கு. அது எந்தெந்த நாள்னு ஸ்டேட் கவர்மெண்ட் முன்கூட்டியே அறிவிக்கணுமாம். டெல்டாவுல எந்த அறுபது நாள்னு சொல்லுவீங்க? ஜூன் 12 மேட்டூர் தொறந்தா திருவையாறு பக்கம் குறுவைக்கு நாத்தங்கால் போட்டுடுவாங்க, அதே தண்ணி தலைஞாயிறு, முத்துப்பேட்டை கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆவும்னு யாராலயும் சொல்ல முடியாது. கல்லணைக் கால்வாய், நாங்க புது ஆறுன்னு சொல்றது, அதுல பாயுற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் தனிக் கணக்கு. ஒரு ஊர்ல குறுவை அறுப்பு நடக்கையில அடுத்த ஒன்றியத்துல சம்பா தெளிச்சுட்டு மழைக்கு காத்துக்கிட்டு இருப்பாங்க, இன்னொரு பக்கம் தாளடிக்கு நாத்து பறிப்பாங்க. மேட்டூர்ல தண்ணி இல்லாத வருஷம் குறுவையே கெடையாது, அப்போ சீசனும் கெடையாது. இதையெல்லாம் டெல்லில கோப்பு எழுதுற அதிகாரிக்கு யாராவது எடுத்துச் சொன்னாத்தானே தெரியும்.

இன்னொண்ணு, இதை நான் நூறு நாள் வேலைல பணித்தளப் பொறுப்பாளரா இருந்த அனுபவத்துல சொல்றேன். சீசன்ல இந்த வேலைய நிறுத்துனா ஆளுங்க வயலுக்கு போவாங்கன்னு நெனச்சுத்தான் அந்தப் பிரிவை வச்சிருக்காங்க, ஆனா வயல்ல வேலை எங்க இருக்கு? நடவுக்கு மெஷின் வந்துட்டு, பல எடத்துல நடவே இல்ல நேரடி விதைப்புதான், களைக்கு மருந்து அடிச்சுடுறாங்க, அறுப்புக்கு பெல்ட் மெஷின் எறங்குனா ஒரு ஏக்கர் ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடுது. ஒரு போகத்துக்கு மாசக் கணக்குல நடவும் களையும் அறுப்புமா வேலை பாத்த பொம்பளைங்க இப்போ அந்த சீசன்லதான் கை காஞ்சு உக்காந்திருக்காங்க. எங்க அத்தாச்சி ஒருத்தங்க நடவுப் பாட்டுக்கு பேர் போனவங்க, இப்போ அவங்களுக்கு நடவு வேலைங்கிறது வருஷத்துல ஒரு கையில எண்ணுற நாள்தான். நிலம் வச்சிருக்கவங்க, ஆள் கெடைக்கலன்னு சொல்றதும் பொய் இல்ல, சில எடத்துல சில நாள் கெடைக்கிறதில்லதான், எங்க வீட்லயே ரெண்டு மா நிலம் இருக்கு, எங்களுக்கும் அந்தக் கஷ்டம் வந்திருக்கு. ரெண்டு பேச்சையும் ஒரே அறையில உக்கார வச்சு கேட்டு, ஊர் ஊருக்கு வித்தியாசம் பாத்து, அப்புறம் சட்டம் எழுதியிருக்கலாம். அந்த வேலைக்குன்னே இருக்குற அறைதான் நிலைக்குழு அறை.

அந்தக் குழு பத்தி எங்க ஊர்ல பல பேருக்கு தெரியாது, அதனால எங்க ஆளுங்களுக்காகவும் இங்க எழுதுறேன். 1993லேருந்து துறை வாரியா நிலைக்குழு இருக்கு, மொதல்ல 17, அப்புறம் 2004லேருந்து 24. ஒவ்வொண்ணுலயும் 31 பேர், லோக்சபா ஆளு 21, ராஜ்யசபா ஆளு 10, மந்திரி யாரும் உறுப்பினரா இருக்க முடியாது. எல்லாக் கட்சியும் இருக்கும். டிவி கேமரா உள்ள போவாது, கட்சி கொறடா உத்தரவு அங்க செல்லாது. துறைச் செயலாளரை எதிர்ல உக்கார வச்சு கணக்கு கேக்கலாம், வெளியாளுங்களை கூப்பிட்டு சாட்சி கேக்கலாம், மக்கள்கிட்ட எழுத்துல கருத்து வாங்கலாம். சபையில ஒரு எம்.பி.க்கு மூணு நிமிஷம் கெடைச்சா பெருசு, அங்க மணிக்கணக்குல கேக்கலாம்.

அது எங்களுக்கு என்ன செஞ்சிருக்குன்னும் சொல்லணும். 2012 ஆகஸ்ட்ல விவசாய நிலைக்குழு மரபணு மாத்துன பயிர் பத்தி ஒரு அறிக்கை வச்சுச்சு. பாசுதேவ் ஆச்சார்யா தலைவர், மார்க்சிஸ்ட் கட்சி. மத்தியில ஆட்சி பண்ணது காங்கிரஸ், குழுவுல காங்கிரஸ் ஆளும் இருந்தாங்க, பிஜேபி ஆளும் இருந்தாங்க, அத்தனை பேரும் ஒத்த கருத்தா வயல் சோதனைய நிறுத்துங்கன்னு எழுதுனாங்க. விதர்பா கிராமத்துக்கு நேர்ல போயி பருத்தி விவசாயிங்ககிட்ட கேட்டுட்டு வந்து எழுதுனாங்க. நம்மாழ்வார் ஐயா நம்ம டெல்டாவுல ஊர் ஊரா சொல்லிக்கிட்டு போன விஷயம் நாடாளுமன்றத்துக் காகிதத்துல ஏறுனது அந்த அறைவழியாத்தான். அதுக்கு முன்னாடி பின்னாடி எத்தனை போராட்டம் நடந்துச்சுன்னு எனக்கு தெரியும், போராட்டத்தை நான் கொறைச்சு சொல்லல, ஆனா ஆளுங்கட்சி உறுப்பினரையும் தன் கவர்மெண்டுக்கு எதிரா கையெழுத்து போட வச்சது அந்த அறைதான்.

நூறு நாள் வேலையிலயே பாருங்க. ஊரக வளர்ச்சி நிலைக்குழு 2025லேயே சொல்லிட்டு, நாளை 150 ஆக்குங்க, கூலிய 400 ரூபாயாவது ஆக்குங்க, ஆதார் வழியாத்தான் கூலி போடுவோம்னு கட்டாயப்படுத்தாதீங்க மத்த வழியும் இருக்கட்டும்னு. அப்போ தமிழ்நாட்டுல கூலி 336 ரூபா. அதுலயும் மாசக்கணக்குல பாக்கி, 4,034 கோடி வரவேண்டியிருக்குன்னு ஸ்டேட் கவர்மெண்ட் கேட்டுக்கிட்டு இருந்த நேரம். ஆதார் பேருல ஒரு எழுத்து மாறி இருந்துச்சுன்னு கூலி வராம என்கிட்ட வந்து நின்ன பெரியம்மாங்க மொகம் எனக்கு மறக்காது. வேலை பாத்தது நான் கண்ணால பாத்தேன், போட்டோ எடுத்தது நான், ஆனா காசு ஏன் வரலன்னு சொல்ல என்கிட்ட பதில் இல்ல. கடைமடையில டவர் கெடையாது, காலையில ஒரு போட்டோ மதியத்துக்கு மேல ஒரு போட்டோ வருகைப் பதிவு ஆப்ல ஏத்தணும்னா வரப்பு வரப்பா போனைத் தூக்கிக்கிட்டு அலையணும், ஏறலன்னா அன்னைக்கு கூலி போச்சு. எங்க கஷ்டத்தோட ஒரு பகுதியாவது டெல்லில அச்சாகி வந்த ஒரே எடம் அந்தக் குழு அறிக்கைங்கதான். அவ்ளோ வேலை பாத்து வச்சிருந்த குழுகிட்ட காட்டாமலேயே புதுச் சட்டத்தை பாஸ் பண்ணிட்டாங்க. நாள் 125 ஆச்சு, சரி, சந்தோஷம். செலவுல நூத்துக்கு நாப்பது ஸ்டேட் தலையில வந்துட்டு, ஸ்டேட்கிட்ட காசு இல்லன்னா அந்த 125 நாள் யாரு குடுப்பாங்கன்னு குழுவுல ஒருத்தராவது கேட்டிருப்பாங்கல்ல.

இது ஒரு சட்டத்தோட கதை மட்டும் இல்ல. 14ஆவது லோக்சபாவுல 60 சதவீத மசோதா குழுவுக்கு போச்சு, 15ஆவதுல 71 சதவீதம். 17ஆவதுல 16 சதவீதம். 2020 செப்டம்பர்ல மூணு வேளாண் சட்டம் குழுவுக்கு போகாமலேயே பாஸ் ஆச்சு, ராஜ்யசபாவுல குரல் வாக்கெடுப்பு. ஒரு மசோதாவுக்குன்னே தனியா எம்.பி.ங்களை வச்சு போடுற தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கேட்டவங்க கேட்டது கேட்டபடியே போச்சு. அப்புறம் என்ன ஆச்சு? ஒரு வருஷத்துக்கு மேல பஞ்சாப், ஹரியானா விவசாயிங்க டெல்லி எல்லையில கெடந்தாங்க, 2021 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சட்டத்தை நிறுத்தி வச்சு தானே ஒரு குழு போட்டுச்சு, கடைசியா 2021 நவம்பர் 29 அன்னைக்கு விவாதமே இல்லாம வாபஸ் வாங்குனாங்க. நாடாளுமன்றம் பண்ண வேண்டிய வேலைய கோர்ட் குழு போட்டு பண்ணுச்சு. அணைப் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான், நம்ம செலவுல கேரளாவுக்குள்ள இருக்குற முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம் மாதிரி அணைங்களுக்கு என்ன ஆவும்னு கேட்டு ராஜ்யசபாவுல தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னப்போ அதையும் தோக்கடிச்சுட்டுதான் 2021 டிசம்பர்ல பாஸ் பண்ணாங்க. ஆத்துத் தண்ணிய நம்பி இருக்குறவங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லங்க.

டெல்லிய மட்டும் சொல்லிட்டு நிறுத்துனா அது நேர்மை இல்ல. 2020 பிப்ரவரில காவிரி டெல்டாவ பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு அறிவிச்ச சட்டம், நாங்க வருஷக்கணக்கா மீத்தேனுக்கும் ஹைட்ரோகார்பனுக்கும் எதிரா நின்னு கேட்டு வாங்குனது, அதையே சட்டமன்றத்துல ஒரே நாள்ல வச்சு ஒரே நாள்ல பாஸ் பண்ணாங்க. ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்குற எண்ணெய் கெணறு என்ன ஆவும், எந்தெந்த ஒன்றியம் சேரும், எது சேராதுன்னு உக்காந்து பேச நேரம் குடுக்கல. 2023 ஏப்ரல் 21 அன்னைக்கு, ஆட்சி மாறி, நில ஒருங்கிணைப்புச் சட்டம் விவாதமே இல்லாம பாஸ் ஆச்சு, பெரிய திட்டத்துக்கு எடுக்குற நெலத்துக்குள்ள ஏரி, வாய்க்கால் இருந்தா என்ன பண்ணுவாங்கன்னு விவசாய சங்கங்க அப்புறம்தான் கத்த ஆரம்பிச்சாங்க. அதே நாள் பாஸ் ஆன 12 மணி நேர வேலைச் சட்டத்தை கூட்டணிக் கட்சிங்களே எதிர்த்ததுல பத்து நாள்ல வாபஸ் வாங்க வேண்டி வந்துச்சு. பக்கத்துல கேரளாவுல 1980லேருந்து சட்டமன்றத்துல துறைவாரி குழு இருக்கு, மசோதா வழக்கமா அங்க போயிட்டுத்தான் வரும். நம்ம சட்டமன்றத்துல அந்த மாதிரி ஏற்பாடு இல்ல. உங்க கட்சி எல்லாமே இங்க ஆட்சியிலயோ கூட்டணியிலயோ இருந்த கட்சிதான், டெல்லில குழுவுக்கு அனுப்புன்னு கேக்குற வாய் சென்னையிலயும் அதையே கேக்கணும்.

மேடைக்கு மேடை குடவோலை முறை, சோழர் காலத்து ஜனநாயகம்னு பேசுறீங்க. உத்திரமேரூர் கல்வெட்டுல ஓலை போட்டு எடுத்தது யாரைன்னு பாத்தா ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம், எல்லாமே குழுதான். ஏரிக்குன்னு தனியா ஒரு குழு. வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவன் பேரும் அவன் சொந்தக்காரன் பேரும் மறுபடி கொடத்துல போடக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்கான். அது எல்லாருக்குமான சபை இல்ல, நெலமும் வேதப்படிப்பும் இருந்தவங்களுக்கு மட்டும்தான், எங்க பாட்டி பூட்டிங்களுக்கு அங்க எடம் இருந்திருக்காது. இருந்தாலும் கணக்கு கேட்ட முறை நல்ல முறைதானே.

இந்தக் குழுங்களோட ஓட்டையும் எங்களுக்கு தெரியும். சொல்றதை கவர்மெண்ட் கேட்டே ஆகணும்னு இல்ல. ஒரு வருஷத்துல குழு கலைஞ்சு மறுபடி போடுறாங்க, ஒரு விஷயத்தை கத்துக்கிட்டு வர்றதுக்குள்ள ஆளு மாறிடுறாங்க. 2024 ஜூன்ல தேர்தல் முடிவு வந்துச்சு, குழு போட்டது செப்டம்பர் கடைசில. உறுப்பினருங்களே ஒழுங்கா வர்றதில்ல, வெங்கய்ய நாயுடு ராஜ்யசபா தலைவரா இருந்தப்போ வருகை கொறைவுன்னு வெளிப்படையாவே வருத்தப்பட்டிருக்கார். இந்த ஒண்ணுக்கு யார் மேலயும் பழி போட முடியாது, வர்றதும் வராததும் உங்க கையில இருக்கு.

எங்க பக்கம் ஒரு தடவை ஒரு சட்டமன்றக் குழு வந்துச்சு, பேரு ஊரு வேணாம். நெல் கொள்முதல் நிலையத்தை பாக்க வர்றாங்கன்னு முன்னாடி நாளே சுண்ணாம்பு அடிச்சு, வெளில மழையில நனைஞ்சு கெடந்த மூட்டைய எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி வச்சுட்டாங்க. எங்களை தள்ளி நிக்கச் சொன்னாங்க. அதுல ஒரு உறுப்பினர், எங்க கட்சிக்காரர் கூட இல்ல, வரிசைய விட்டு வெலகி வந்து தார்ப்பாய தூக்கி சாக்குக்குள்ள கைய விட்டு, மொளைச்ச நெல்லை அள்ளிக்கிட்டு போயி அதிகாரி முன்னாடி மேசையில வச்சு இது எத்தனை நாளா இங்க கெடக்குதுன்னு கேட்டார். சிப்பத்துக்கு, அதாவது மூட்டைக்கு, எவ்ளோ லஞ்சம் கேக்குறாங்கன்னு எங்க ஆளுங்கள ஒவ்வொருத்தரா கூப்பிட்டு கேட்டு எழுதிக்கிட்டார். அந்த போகம் முழுக்க எங்க ஊர்ல மூட்டைக்கு காசு கேட்ட பேச்சே இல்ல. அடுத்த வருஷம் பழையபடி ஆயிட்டு, அதையும் சொல்லிடுறேன். ஆனா அந்த ஒரு போகம் எங்களுக்கு கெடைச்சது ஒரு ஆளு தன் வேலைய செஞ்சதாலதான், அதனாலதான் குழுவெல்லாம் வேஸ்ட்னு யார் சொன்னாலும் என்னால ஒத்துக்க முடியல.

இப்போ நீங்க செய்ய வேண்டியதை சொல்றேன்.

புதுச் சட்டத்துக்கு விதி எழுதுறது, ஸ்டேட் தன்னோட திட்டத்தை வகுக்கிறதுன்னு இன்னும் வேலை இருக்கு. ஊரக வளர்ச்சி நிலைக்குழு இதை தானா எடுத்து தொடர்ந்து ஆராயணும்னு நீங்க ஆறு பேரும் சேர்ந்து ஒரே கடிதமா தலைவருக்கு எழுதுங்க. குழு டெல்டாவுக்கு வரணும், கலெக்டர் ஆபீஸ் ஹால்ல இல்ல, வேலைத் தளத்துக்கு வரணும், வேலைக்கு வர்ற பொம்பளைங்களை தனியா உக்கார வச்சு கேக்கணும். மத்திய அரசு போடுற விதிங்க, விதிங்களை சரிபாக்குற நாடாளுமன்ற சார்நிலைச் சட்டக் குழு கிட்டயும் போகணும். அந்த 60 நாளை ஒன்றிய வாரியா, தண்ணி வர்ற கணக்கு பாத்து, ஊராட்சிய கேட்டு முடிவு பண்ணணும், சென்னையிலேருந்து ஒரே தேதிய எல்லாருக்கும் போடக் கூடாதுன்னு ஸ்டேட் கவர்மெண்ட் கிட்டயும் எழுத்துல கேளுங்க.

உணவு, பொது விநியோகக் குழுவுக்கு 2024ல தலைவரா வந்தது நம்ம தமிழ்நாட்டு எம்.பி. கனிமொழி. கொள்முதலுக்கு நெல்லு ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு வச்சுக்கிட்டு ஒவ்வொரு மழைக்கும் ஸ்டேட் கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து சாம்பிள் எடுத்துட்டுப் போயி, 19ன்னும் 20ன்னும் தளர்வு வர்றதுக்குள்ள நெல்லு சாக்குலயே மொளைச்சுடுது. ஐப்பசி மழையில குறுவை நெல்லும் தை மாசம் திடீர் மழையில சம்பாவும் நனையுறது ஒரு வருஷத்து அதிசயம் இல்ல, வழக்கமா ஆயிட்டு. டெல்டாவுக்கு மழை நாள்ல தானா அமலுக்கு வர்ற தளர்வு விதி வேணும்னு அந்தக் குழுவுல ஒரு பொருளா எடுக்க வைங்க.

குழுங்க பேப்பர்ல விளம்பரம் குடுத்து கருத்து கேக்கையில இங்கிலீஷ்ல இல்லன்னா ஹிந்தில ரெண்டு வாரத்துக்குள்ள எழுதி அனுப்பச் சொல்றாங்க. எங்களுக்கு அந்த விளம்பரம் கண்ணுல படுறதுக்குள்ளயே நாள் முடிஞ்சுடுது. தமிழ்ல எழுதுனா வாங்கிக்கணும், குறைஞ்சது ஒரு மாசம் டைம் வேணும், எங்க மாவட்டத்தை பாதிக்கிற அறிக்கையோட சுருக்கமாவது தமிழ்ல வரணும். இதை சபாநாயகர்கிட்ட எழுத்துல கேளுங்க.

அப்புறம் நீங்க. ஒவ்வொரு எம்.பி.யும் எந்தக் குழுவுல இருக்கீங்க, எத்தனை கூட்டம் நடந்துச்சு, எத்தனைக்கு போனீங்க, இதை மூணு மாசத்துக்கு ஒரு தடவை உங்க பக்கத்துல தமிழ்ல போடுங்க. உள்ள பேசுனதை அறிக்கை வர்றதுக்கு முன்னாடி வெளில சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு, அதை மீறச் சொல்லல, அறிக்கை சபையில வச்சதுக்கு அப்புறம் அதுல எங்களுக்காக என்ன கேட்டீங்கன்னு சொல்லுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கிராம சபையில வந்து உக்காந்து அந்தக் கணக்கை வாசிங்க.

அடுத்த கூட்டத்தொடர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இதுல எதை செய்வீங்க, எதை செய்ய முடியாதுன்னு எழுத்துல பதில் குடுங்க. செய்ய முடியாததுக்கு காரணமும் சேத்து எழுதுங்க.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டக் கடைமடை ஊராட்சி ஒண்ணுல பணித்தளப் பொறுப்பாளரா இருந்தவள்